திறந்த வீட்டுக்குள் யார் நுழையலாம்?

திறந்த வீட்டுக்குள் நாய் நுழைந்த மாதிரி என்று சொல்லும்போது நாங்கள் நாயைத்தான் ஏசுகிறோம். கதவைத் திறந்து வைத்தது யார், எதை எதிர்பார்த்துத் திறந்து வைத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் அதற்குப் பெயரும் தேதியும் உண்டு. 2020 மே 13, புதன்கிழமை. திறந்து வைத்தவர் அப்போதைய வீடமைப்பு அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக்.

அன்றைக்கு அரசாங்கக் கணக்கிலேயே பிரிட்டனில் கொரோனாவுக்குச் செத்தவர்கள் 33,000 பேரைத் தாண்டியிருந்தார்கள். கோயில் பூட்டு. சலூன் பூட்டு. நூலகம் பூட்டு. மார்ச் மாதக் கடைசியில் பிரிக்ஸ்டனைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியே செத்தான். வீட்டில் அடைபட்டிருந்த தாயும் சகோதரங்களும் இல்லாமலே அவனை அடக்கம் செய்தார்கள். அப்படி மூடிக் கிடந்த நாட்டில் எதை முதலில் திறப்பது என்று பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் காத்திருந்த 450,000 பேரின் திட்டங்கள் முடங்கிக் கிடக்கின்றனவாம். ஐயோ பாவம். திறந்துவிட்டார்கள் ஏஜென்ட் கடைகளை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் ஆட்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். போரிஸ் ஜோன்சன் அரசு அதை இரண்டாக வெட்டியது. வீட்டுக்கு மே 13. கல்யாணத்துக்கு ஜூலை 4, அதுவும் முப்பது பேரோடு. நடுவில் கடவுளுக்கு ஒரு தேதி: ஜூன் 13 முதல் கோயிலுக்குள் தனியாகப் போய்க் கும்பிடலாம். ஈலிங் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஈழபதீஸ்வரர், அதே வீதியில் வீடு விற்கிறவனுக்கு ஒரு மாதம் பிந்தித்தான் நடை திறந்தார். சிவனுக்குக் கமிஷன் கிடையாதல்லவா.

சட்டம் இப்படி இருந்தது, கவனமாக வாசியுங்கள். நீங்கள் பெற்ற தாயைப் பார்க்கலாம். வெளியே. பொது இடத்தில். இரண்டு மீட்டர் தள்ளி. தாயை மட்டும், தகப்பனையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம். தகப்பனைப் பார்க்க வேண்டுமென்றால் தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரை வரச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பின்வளவில் வைத்துப் பார்ப்பதற்கு ஜூன் 1 வரை பொறுக்க வேண்டும். வீட்டுக்குள் கூடினால் 100 பவுண் அபராதம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டை வாங்கலாமா என்று யோசிப்பவராக இருந்தால், அவர் குடும்பத்தோடு உள்ளே வரலாம். படுக்கையறை பார்க்கலாம். கழிப்பறையில் தண்ணீர் இழுத்துப் பார்க்கலாம். அலுமாரி எவ்வளவு ஆழம் என்று தலையை விட்டுப் பார்க்கலாம்.

அந்த வைரஸுக்குச் சொத்து வாங்குகிற நோக்கம் இருக்கிறவனைத் தொற்றக்கூடாது என்கிற மரியாதை இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருந்த வைரஸுக்கு அந்த மரியாதை அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. அங்கே கதவுகள் பிறகுதான் திறந்தன.

வெம்பிளியில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. மேலே இரண்டு அறை, கீழே ஒன்று, கையகலத்தில் ஒரு குசினி. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்வரை அசையாமல் நிற்கிற ரகம். மூன்று வீடுகள். மார்ச் 17ஆம் தேதி நிதியமைச்சர் ரிஷி சுனக் மோட்கேஜுக்கு மூன்று மாத விடுமுறை அறிவித்தார். மறுநாளே அது வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் உண்டு என்றார்கள். வாடகைக்கு இருக்கிறவனுக்கு என்ன? அவனை உடனே தெருவில் இறக்கக் கூடாது என்று வழக்குகளைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். வாடகை வாடகைதான். வீட்டுக்காரர்கள் கருணையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. வங்கியிடம் மட்டும் கருணையாக இரு என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, உறுதி வாங்கியது. கருணையை வாயால் கேட்பது எங்களுக்காக மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று வீட்டுக்கும் விடுமுறை கிடைத்தது. வாடகை மாதம் முதலாம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. மே நடுப்பகுதியில் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, சுகமா இருக்கிறியளே? பிள்ளையள் சுகமே? வெளியில திரியாதேங்கோ, கெட்ட காலம். நான் வீட்டை விப்பம் எண்டு இருக்கிறன். குறை நினையாதேங்கோ. ஆக்கள் பாக்க வருவினம். கொஞ்சம் வடிவா வச்சிருங்கோ.”

வெளியில் திரியக்கூடாத கெட்ட காலம். உள்ளே ஊர்ச்சனம் திரிய நல்ல காலம்.

ஏஜென்ட் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெடியன். இறுகின நீலக் கோட், கூர்மூக்குச் சப்பாத்து, கையில் சானிடைசர் போத்தல். வாசலில் நின்று அரசாங்க வழிகாட்டியை மந்திரம் மாதிரி ஒப்புவித்தான். ‘ஓப்பன் ஹவுஸ்’ கூடாது அண்ணை, கூட்டம் சேரப்படாது. நேரம் குறித்துத்தான் வரலாம், ஒரு தரத்துக்கு ஒரு குடும்பம். வருகிறவர்கள் கை கழுவ வேண்டும், எதையும் தொடக்கூடாது. அதனால் உள்கதவுகளை எல்லாம் நீங்களே திறந்து வைத்துவிடுங்கள். அவர்கள் போனபிறகு கைப்பிடிகளைத் துடைக்க வேண்டும். அவர்கள் உள்ளே இருக்கிற நேரம் நீங்கள் வெளியே நின்றால் நல்லது.

நான் ஒரு தடவை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். திறந்த வீடு கூடாது. ஆனால் வீட்டில் உள்ள கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது என்பது நாட்டுக் கட்டளை. வெளியே போ என்பது ஏஜென்டின் வேண்டுகோள். என் பாதுகாப்புக்காக என்னை என் வீட்டிலிருந்து அகற்றுகிறார்கள்.

நான் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் இரவு வேலை. தட்டுகளில் சாமான் அடுக்குவது. அந்த நாட்களில் எங்களுக்குக் ‘கீ வேர்க்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சனம் வாசலில் நின்று கைதட்டும். சட்டியில் கரண்டியால் அடிக்கும். எட்டே காலுக்கு நான் வேலைக்குப் போவேன். காலை ஏழுக்கு வந்து, குளித்து, தலையைச் சாய்த்து ஒரு கனவு தொடங்குகிற நேரம் பத்து மணி வியூயிங். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருக்கும். கொம்பியூட்டரை மூடி, படுக்கை விரித்து, சீலைகளை உள்ளே அடைத்து, நான்கு பேரும் எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசையாக நிற்போம். முதல் நாள் முன்வீட்டுப் போலந்துக்காரி ஜன்னலைத் திறந்து நெருப்புப் பற்றிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, எங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் அதுதான் என்கிற மாதிரி ஜன்னலைச் சாத்தினாள்.

வந்தவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களைப் போலத்தான். முற்றத்தில் நல்ல முகம், உள்ளே போனதும் பல் பிடித்துப் பார்ப்பது. அவர்களுக்காவது பஜ்ஜி சொஜ்ஜி கொடுத்து ஒரு வார்த்தை பேசலாம்.

சமையல் விஷயத்தில்தான் ஏஜென்டுக்கும் எங்களுக்கும் மோதல் வந்தது. “அண்ணை, வியூயிங் உள்ள நாள் கறி வைக்காதேங்கோ. மணத்துக்கு விலை குறையும்.” காற்றோட்டத்துக்காக ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னது வைரஸ் போகவென்று நினைத்திருந்தேன். போக வேண்டியது எங்கள் சரக்குத்தூள்.

மே 18ஆம் தேதி அரசாங்கம் இன்னொரு உண்மையைக் கண்டுபிடித்தது. மணம் தெரியாமல் போவதும் கொரோனாவின் குறி. அன்று பின்னேரம் மனைவி குசினிக்குள் ஆழ்ந்த யோசனையில் நின்றாள். மறுநாள் பத்து மணி வியூயிங்குக்கு ஒன்பதே முக்காலுக்கு, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்து பத்திரமாக வைத்திருந்த சூரைக் கருவாட்டை எடுத்துப் பொரிக்கத் தொடங்கினாள். புகை ஜன்னல் வழியாக வீதியைப் பிடித்தது.

ஏஜென்ட் ஓடி வந்தான். “அக்கா, என்ன வேலை இது?”

“தம்பி, டெஸ்ட்டுக்குக் கிட் கிடைக்காதாம். இது எங்கட டெஸ்ட். வாசலில வந்து மூக்கைச் சுளிக்கிற ஆளை உள்ளுக்கு விடு. சுளிக்காத ஆளை வீட்டுக்குப் போய்ப் பதினாலு நாள் படுக்கச் சொல்லு.”

நாட்டின் சுகாதார அமைச்சகம் கோடிகளைக் கொட்டி நடத்திய பரிசோதனைத் திட்டங்களில் எது எவ்வளவு பிடித்தது என்று நிபுணர்கள் சண்டை பிடிக்கட்டும். எங்கள் வாசலில் அன்று வந்த தம்பதியில் மனைவிக்காரி உடனே மூக்கைப் பொத்தினாள். புருஷன் வீட்டுப் படத்தைப் பார்த்தபடி சாவகாசமாக நின்றான். அவனை உள்ளே விடக்கூடாது என்று என் மனைவி நடைபாதையில் நின்று கத்தினாள். ஏஜென்ட் அவனுக்குக் கையில் இன்னொரு துளி சானிடைசர் விட்டு உள்ளே கூட்டிப்போனான்.

இதைச் சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிக்க முடியாத கணக்கு ஒன்று மே 1ஆம் தேதியே வெளிவந்திருந்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் மார்ச் தொடக்கம் ஏப்ரல் 17 வரை எங்கே எத்தனை பேர் கொரோனாவால் செத்தார்கள் என்று வயது வித்தியாசம் கழித்துக் கணக்குப் போட்டது. ஒரு லட்சம் பேருக்கு நியூஹாமில் 144.3. பிரென்டில் 141.5. நாட்டிலேயே முதல் இரண்டு இடம். நியூஹாம் என்றால் ஈஸ்ட்ஹாம். பிரென்ட் என்றால் வெம்பிளியும் அல்பேட்டனும். தமிழ்க்கடைப் பலகையை எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் காணலாமோ அங்கே. ஒரு அறையில் நான்கு பேர், ஒரு கழிப்பறைக்கு இரண்டு குடும்பம். பஸ் ஓட்டுகிறவன், கடையில் காசு வாங்குகிறவன், பராமரிப்பு இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள், இரவில் தட்டு அடுக்குகிற நான். வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது வீடும் இல்லாத, வீட்டிலிருந்து செய்கிற வேலையும் இல்லாத சனம்.

அந்தக் கணக்கு வந்து பன்னிரண்டாம் நாள் அந்தச் சனத்தின் வீட்டுக் கதவுகளைத்தான் திறந்தார்கள். ஏனென்றால் வீடு சொந்தமாக இருக்கிறவன் தன் வீட்டுக்கு யார் வரலாம், எப்போது வரலாம் என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வாடகைக்காரன் வேண்டாம் என்று சொன்னால்? சட்டத்தில் இடமிருக்கலாம். ஆனால் காரணமே சொல்லாமல் எழுப்பிவிடும் ‘செக்ஷன் 21’ என்கிற கத்தி தலைக்கு மேலே தொங்கிற்று. 2019இலேயே அதை எடுத்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் கொள்ளைநோய்க்கு நடுவிலும் எடுக்கவில்லை. கத்தி விழ எடுக்கும் நேரத்தை மூன்று மாதமாக்கினார்கள். நான் கதவைத் திறந்தேன். இருமல்காரன் வந்தாலும் திறந்திருப்பேன்.

பிறகு ஜூலை 8ஆம் தேதி இன்னொரு விடுமுறை வந்தது. 500,000 பவுண் வரைக்கும் வீடு வாங்கினால் ஸ்டாம்ப் டூட்டி இல்லை. 15,000 பவுண் வரை மிச்சம். இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவருக்கும் அதில் பங்கு. கைதட்டு வாங்கிய தாதிமாருக்கு அடுத்த மார்ச்சில் அதே அரசாங்கம் முன்வைத்த சம்பள உயர்வு நூற்றுக்கு ஒன்று. கைதட்டுக்கு வரி பிடிக்கவில்லை, அதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

வீட்டை நேரில் பார்க்குமுன் வீடியோவில் பாருங்கள் என்று வழிகாட்டியில் ஒரு புத்திமதி இருந்தது. அமைச்சர் ஜென்ரிக் அந்த முறையைத் தானே கைப்பட அனுபவித்தவர். 2019 நவம்பரில் கட்சிக்கு நிதி சேர்க்கும் விருந்து ஒன்றில் அவருக்குப் பக்கத்தில் பத்திரிகை முதலாளி ரிச்சர்ட் டெஸ்மண்ட் இருந்தார். கிழக்கு லண்டனில் வெஸ்ட்ஃபெரி அச்சகம் இருந்த நிலத்தில் 1,500 வீடு கட்டுவது டெஸ்மண்டின் கனவு. கைத்தொலைபேசியை எடுத்து அந்தத் திட்டத்தின் வீடியோவைக் காட்டினார். ஜனவரியில் அதிகாரிகளின் பரிந்துரையை மீறி அமைச்சர் அனுமதி கொடுத்தார். சில நாள் பிந்தியிருந்தால் டவர் ஹாம்லெட்ஸ் மாநகரசபைக்கு டெஸ்மண்ட் 40 மில்லியன் பவுணுக்கு மேல் வரி கட்ட வேண்டி வந்திருக்கும். இரண்டு கிழமையில் கட்சிக்கு 12,000 பவுண் நன்கொடை. மே மாதம், எங்கள் வீட்டில் சனம் அலுமாரி திறந்துகொண்டிருந்த அதே மாதம், அந்த அனுமதி பக்கச்சார்பாகத் தோன்றுவதால் சட்டவிரோதம் என்று அமைச்சர் தரப்பே ஒப்புக்கொண்டது. தொடாமல், முகர்ந்து பார்க்காமல், இரண்டு மீட்டருக்குள் நடந்த வியூயிங். கருவாடு தேவைப்படவில்லை.

அதே அமைச்சர் ஏப்ரலில் தாய் தகப்பன் வீட்டுக்குக் காரில் போய்வந்தது பத்திரிகையில் வந்தது. சாப்பாடும் மருந்தும் கொண்டுபோனேன் என்றார், பிழையில்லை என்றார்கள். நான் அதை நம்புகிறேன். தாய்க்கு மருந்து கொண்டுபோக வேண்டும் என்று மனம் பதைப்பது அமைச்சருக்கும் வரும். வரட்டும். அது மற்றவனுக்கும் வரும் என்பது மட்டும் வழிகாட்டி எழுதுகிற நேரம் ஏன் மறந்துபோகிறது?

மே 20ஆம் தேதிக் கதை எங்களுக்கு ஒன்றரை வருஷம் பிந்தித்தான் தெரியவந்தது. அன்று பின்னேரம் அமைச்சர் ஒருவர் டெலிவிஷனில் வந்து, வெளியே ஒரே ஒருவரைத்தான் சந்திக்கலாம் என்று நினைவூட்டினார். அதே பின்னேரம் டவுனிங் வீதி 10ஆம் இலக்க வீட்டுத் தோட்டத்தில், நூறு பேரளவில் அழைப்பு அனுப்பி, அவரவர் குடிக்கிறதை அவரவர் கொண்டுவாருங்கள் என்று சொல்லி ஒரு கூட்டம். பிரதமரும் போனார், 25 நிமிஷம் நின்றார், வேலை சம்பந்தமான கூட்டமென்று நினைத்தாராம். நாடு முழுவதும் தடை செய்த ‘ஓப்பன் ஹவுஸ்’ அந்த ஒரு வீட்டில் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் இந்தக் கூட்டங்களை விசாரித்த சூ கிரே அம்மையாரின் அறிக்கையில் பார்த்தால், டிசம்பரில் நடந்த ஒரு கூத்துக்கு மறுநாள் துப்புரவுக்காரி வந்தபோது சுவரில் சிவப்பு வைன். அந்தத் துப்புரவுக்காரிகளையும் காவலாளிகளையும் மரியாதையில்லாமல் நடத்தியதும் அதிலே உண்டு. பொலிஸ் போட்ட அபராதம் 126. பிரதமருக்கும் ஒன்று, நிதியமைச்சருக்கும் ஒன்று. வைன் பட்ட சுவரைத் துடைத்த கை எந்தப் பகுதிக்கு, எந்த நெரிசல் வீட்டுக்கு, எந்த பஸ்ஸில் திரும்பிப் போனது என்று அறிக்கையில் இல்லை.

என் அம்மா அல்பேட்டனில் மூன்றாம் மாடியில் தனியே இருந்தா. அப்பா போய் நான்கு வருஷம். லிஃப்ட் பழுது, முழங்கால் அதைவிடப் பழுது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி சந்தித்தோம், பார்ஹாம் பூங்காவில். அவ ஒரு வாங்கில், நான் இன்னொரு வாங்கில். பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்திருந்தா. டப்பாவை நடுப்புல்லில் வைத்துவிட்டுப் பின்வாங்கினா. நான் போய் எடுத்துக்கொண்டு பின்வாங்கினேன். நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி இருந்தது. அவவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டா. தங்கச்சி பூங்கா வாசலில் தன் முறைக்காக நின்றாள். இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்தால் அம்மா குற்றவாளி.

மே 25ஆம் தேதி திங்கள் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் டவுனிங் வீதி ரோஜாத் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, சுகமில்லாத மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு 260 மைல் ஓட்டித் தாய் தகப்பனின் காணிக்குப் போனது ஏன், பிறகு கண் தெரிகிறதா என்று பார்க்கக் கோட்டை ஊருக்குக் கார் ஓட்டியது ஏன் என்று விளக்கினார். வருத்தமில்லை என்றார். அம்மா முழுவதையும் பார்த்திருக்கிறா. ஒன்பது மணிக்கு எனக்கு எடுத்தா.

“அந்த மொட்டைப் பெடியன் தாய் தகப்பன்ர வளவுக்குப் போனது பிழையில்லையெண்டா, நான் உன்ர வீட்டுக்கு வாறது என்ன பிழை?”

“அம்மா, அவர் பெரிய ஆள்.”

“நான் களவா வரமாட்டன். சட்டப்படி வாறன். அந்த ஏஜென்ட் நம்பரைத் தா.”

விளையாட்டுக்குச் சொல்கிறா என்று நினைத்தேன். அடுத்த நாள் பெடியனுக்கு எடுத்துவிட்டா. அவனே பிறகு சொல்லித்தான் உரையாடல் தெரியும். மோட்கேஜ் ஒழுங்கு செய்தாச்சா அன்ரி என்று கேட்டிருக்கிறான். “மோட்கேஜ் என்னத்துக்கு, கைக்காசுக்கு வாங்கப் போறன்.” கைக்காசுக்கு வாங்குகிற ஆள் என்றால் ஏஜென்டுக்குத் தேர் வெளிக்கிட்ட மாதிரி. காசு எங்காலே என்று சட்டத்துக்காக ஒரு கேள்வி. “ஊரில காணி வித்தனான் தம்பி. பலாலியில.” பெடியன் கணினியில் பதிந்திருக்கிறான்: பலாலி, காணி விற்பனை. இங்கே பிறந்தவன், பாவம். அந்தக் காணி 1990இல் சனத்தை எழுப்பிவிட்டு உயர்பாதுகாப்பு வலயம் என்று முள்ளுக்கம்பி போட்ட காணி. விற்பது இருக்கட்டும், அம்மா அதை முப்பது வருஷமாகக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கு வியூயிங் ஒழுங்கு செய்கிற ஏஜென்ட் எவனும் இன்னும் பிறக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி. வழிகாட்டியின் எந்த எழுத்தையும் மீறவில்லை நாங்கள். நேரம் குறித்தாச்சு. ஒரு குடும்பம், அதாவது அம்மா ஒருத்தி. வீட்டில் இருக்கிறவர்கள் வெளியே. உள்கதவுகள் திறப்பு. எதிர்ப்பக்க நடைபாதையில் வழமையான வரிசையில் நான், மனைவி, மூத்தவன், சின்னவள். ஏஜென்டுக்குத் தெரியக்கூடாது என்று பிள்ளைகளிடம் இரவே சத்தியம் வாங்கியிருந்தோம். மச்சானின் மினிகேப்பில் வந்து இறங்கினா. நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலை. முகத்துக்குத் துணி. சின்னவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள் ‘அப்பம்மா’ என்று ஒரு சத்தம் வந்தது. அவளுடைய தோள் ஆடியது.

அம்மா எங்களைப் பார்த்து, தெரியாத ஆட்களுக்குச் செய்கிற மாதிரி இலேசாகத் தலையை அசைத்தா. பெடியன் கையில் சானிடைசர் விட்டான். உள்ளே போனா.

மேல்மாடி ஜன்னலில் சேலை நிறம் தெரிந்தது. பிள்ளைகளின் அறை. அங்கேயே நின்றா. கீழே ஏஜென்ட் கைக்கடிகாரம் பார்த்தான். பின் அறை, எங்கள் அறை. அப்பாவின் படம் அங்கேதான். அதற்குப் பிறகு குசினி ஜன்னலில் தெரிந்தா. சட்டி மூடியைத் திறந்து பார்த்தா. “அன்ரி, ப்ளீஸ், ஒண்டையும் தொடாதேங்கோ” என்று பெடியன் வாசலில் நின்று கும்பிடாத குறையாகக் கத்தினான். இருபத்தைந்து நிமிஷம் நின்றா. நாட்டின் பிரதமர் தன் தோட்டத்துக் கூட்டத்தில் நின்ற அதே நேரம் என்று பின்னாளில் கணக்குப் பார்த்தேன்.

போனபிறகு பெடியன் கைப்பிடிகளைத் துடைத்தான், மாடிப்படிக் கம்பியைத் துடைத்தான், சட்டி மூடியைத் தேடித் துடைத்தான்.

பின்னேரம் வீட்டுக்காரரிடமிருந்து தொலைபேசி. குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

“தம்பி, இண்டைக்கு வந்த மனுசி முழுக் கைக்காசோட வந்தவவாம். பிறகு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாவாம். குசினி சின்னனாம். பிள்ளையளின்ர அறைக்கு வெயில் காணாதாம். வீட்டில இருக்கிற பெடியன் மெலிஞ்சுபோனானாம், இந்த வீடு ஆருக்கும் சரிவராதாம். உவ்வளவு காசு, கைக்கு வந்தது போச்சு. உண்மையைச் சொல்லுங்கோ, காலமை கருவாடு பொரிச்சனீங்களே?”